மிளகுக்குக் கொடுத்த மின்சாரம்

இன்று காலை மிளகு உலர்த்தும் டிரையரின் கதவைத் திறந்ததும் சூடான மிளகின் நெடி முகத்தில் அடித்தது. தும்மினேன். கண்ணில் நீர் வந்தது. மிளகு நெடிதான் என்று பக்கத்தில் நின்ற பெண்களிடம் சொல்லிவைத்தேன். உங்களிடம் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது, அண்ணா.

மலைமேல் நம் குண்டூர் நாட்டில் எங்கள் மகளிர் குழுவின் கொட்டகைக் கூரையில் சோலார் தகடுகள் வந்த புதிதில், நண்பகல் மின்சாரம் வீணாகிக்கொண்டிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வெயில் அடிக்கும்போது ஊரே காட்டில் இருக்கும். எல்லோரும் வீடு திரும்பும்போது வெயில் இருக்காது. சேமித்துவைக்கப் பெரிய பேட்டரி வாங்க எங்களுக்கு வசதி இல்லை. வேலைகளையே வெயில் நேரத்துக்கு மாற்றிவிடலாமே என்று யோசனை சொன்னது நான்தான். சாமையும் ராகியும் அரைக்கும் மில், டீசல் எஞ்சினை விட்டு மோட்டாருக்கு மாறியது. மேட்டுத் தொட்டிக்குப் பகலில் தண்ணீர் ஏற்றினோம். மழை நாளில் விறகு மூட்டி உலர்த்திய மிளகுக்கு டிரையர் வந்தது. பாக்கி இருந்தது, எங்கள் சரக்கைச் சந்தைக்கு ஏற்றிப்போகும் உங்கள் டீசல் ஜீப்.

அதை விற்றுவிட்டுச் சார்ஜில் ஓடும் லோடு வண்டி வாங்கச் சொல்லி உங்கள் வீட்டுக்கு நடையாய் நடந்தேன்.

"ஏனம்மிணி, மில்லு, மோட்டாரு, வண்டி எல்லாம் ஒரே கரண்ட நம்பியிருந்தா, அது இல்லாத அன்னிக்கு என்ன பண்றது?" என்று கேட்டீர்கள்.

"வெயிலு எங்கீங்ணா ஓடிப்போவுது?" என்றேன்.

சிரித்தீர்கள். ஜீப்பை விற்றீர்கள். எனக்கும் புது வண்டியை ஓட்டக் கற்றுக்கொடுத்தீர்கள். நன்றாகத்தான் போனது. டீசல் செலவு இல்லை என்று வாடகையைக் குறைத்தீர்கள். எல்லோரும் என் யோசனையைப் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

பிறகு காலம் தவறி அந்த மழை வந்தது. மரம் விழுந்து லைன் கரண்டும் போய்விட்டது. பறித்த மிளகு கொட்டகையில் ஈரமாகக் குவிந்து கிடந்தது. மூடிய வானத்தில் தகடுகள் கொடுத்த கொஞ்ச மின்சாரம், டிரையருக்கோ வண்டிக்கோ ஒன்றுக்குத்தான் வரும்.

"எதுக்குங்ணா குடுக்கறது?" என்று கேட்டேன்.

"மொளகுக்கே குடு அம்மிணி. ஊரே பாடுபட்டதாச்சே. வண்டி ஒரு நாளு நின்னா என்ன கெட்டுப்போவுது?"

நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள் என்று தெரிந்தே கேட்டேன். அதுதான் என்னை விடவில்லை.

மறுநாள் மதியம் உங்களுக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் வேறொருவரை ஏற்றிக்கொண்டு அடிவாரம் போயிருந்தது. உங்கள் வண்டியிலேயே உங்களைக் கிடத்தி, உங்கள் வீட்டு அக்காவின் மடியில் தலையை வைத்து, மிச்சமிருந்த சார்ஜை நம்பி நான் ஓட்டினேன். செம்மேட்டு ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில், ஏற்றத்தில், சார்ஜ் தீர்ந்து நின்றது.

நான் அழுதேன். நீங்கள் கண்ணைத் திறந்து, "மொளகு காஞ்சிருச்சா கண்ணு?" என்று கேட்டீர்கள்.

"காஞ்சிருச்சுங்ணா" என்றேன்.

அடுத்த ஊர் பிக்கப் வந்து சேர்வதற்குள் உங்கள் கை சில்லிட்டுவிட்டது. முன்னாலேயே வந்திருந்தாலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஆறுதலுக்காகத்தான் சொன்னார். பிழைத்திருக்கவும் கூடும் என்றுதான் என் காதில் விழுந்தது.

அதன்பின் இன்று காலைவரை நான் டிரையரைத் தொடவில்லை. குழுக் கூட்டத்தில், பழையபடி டீசலுக்கே போய்விடலாம் என்று சிலர் சொன்னபோதும் வாய் திறக்கவில்லை. அக்காதான் எழுந்தார்.

"அந்த ஜீப்பு ஸ்டார்ட் ஆவாம நாந் தள்ளுன நாளும் இருக்குதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போற அளவுக்குச் சார்ஜ் எப்பவும் வண்டில இருக்கோணும். அதத் தொடக் கூடாது. மொளகு அழுகுனா அழுகட்டும்."

அன்றிலிருந்து அதுதான் எங்கள் விதி. வானம் மூடினால் முதலில் டிரையர் நிற்கும், அடுத்து மில். வண்டியில் வைத்த சார்ஜை யாரும் தொடுவதில்லை. எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்த எனக்கு, எதை முதலில் காப்பாற்ற வேண்டும் என்று யோசிக்கத் தோன்றவில்லையே, அண்ணா.

போன மழையில், மிளகு பறித்துக்கொண்டிருந்த எங்கள் குழுப் பெண் பாப்பாத்தியைப் பாம்பு கடித்தது. அன்றும் லைன் கரண்ட் இல்லை. அன்றும் நான்தான் ஓட்டினேன். எங்கும் நிற்காமல் போய்ச் சேர்ந்தோம். அவள் பிழைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது உங்கள் வீட்டு வாசலில் அக்கா நின்றிருந்தார். அவரைத் தாண்டிப் போக முடியவில்லை.

"பொழச்சுக்கிட்டாளுங்க்கா."

"நல்லதுஞ் சாமி." வண்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "வெரசாப் போயிட்டீங்களா?"

"ஆமாங்க்கா. வெரசாப் போயிட்டோம்."

தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தார். கையில் எனக்குக் காப்பி இருந்தது. அவர் எதிரில் நின்று முழுவதையும் குடித்தேன்.