ஐந்து பாட்டில் தண்ணீர்

மார்ச் 3

ஆறு நடை முடித்து மூன்று மணிக்கு வீடு திரும்பினேன். பேருந்து ஓட்டுகிறவன் டூட்டியில் தண்ணீர் குடிக்கமாட்டான். குடித்தால் ஒதுங்க இடம் வேண்டும். எங்கள் தடத்தில் இரண்டு முனையிலும் கழிவறை கிடையாது. இருபத்திரண்டு வருடம் அப்படியே ஓட்டியதற்குச் சிறுநீரகத்தில் ஒரு கல் பரிசு. போன மாதம் அது வெளியே வந்தபோது பிரசவ வலி என்றால் என்னவென்று தெரிந்துகொண்டேன். மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. "அதுல கால்வாசி கூட இருக்காது" என்றாள்.

டாக்டர் சொன்னது: தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும், உப்பைக் குறைக்கவேண்டும், பிரஷருக்கும் கல்லுக்கும் சேர்த்துத் தினம் ஒரு நீர் மாத்திரை. காலையில் போடச் சொன்னார். போட்டுக்கொண்டு வண்டியில் உட்கார்ந்து யார் நெளிவது? டூட்டி முடிந்துதான் போடுகிறேன். தண்ணீரும் அப்போதுதான்.

மனைவிக்குக் கூரியர் அலுவலகத்தில் பார்சல் எடை போடும் வேலை. வீட்டிலும் எல்லாவற்றுக்கும் அளவுதான். மேசைமேல் ஒரு லிட்டர் பாட்டில்கள் ஐந்து, வரிசையாக. "படுக்கப் போறதுக்குள்ள அஞ்சும் காலியாகணும்" என்று உத்தரவு. நின்றுகொண்டே இரண்டைக் குடித்தேன்.

மார்ச் 7

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்றேன். "அப்ப தட்டைத் தூக்கிட்டுக் குப்பைத்தொட்டிகிட்ட போய் உக்காருங்க" என்கிறாள். ஐந்தும் காலி.

மார்ச் 11

மூன்று நாளாகத் தலை கனக்கிறது. வாந்தி வருகிறாற்போல இருக்கிறது, வரவில்லை. பிரேக் மிதிக்கும்போது கெண்டைக்கால் சுண்டி இழுத்தது.

கண்டக்டரிடம் சொன்னேன். ஒன்பது வருடமாக என் வண்டியில்தான் வருகிறான். என்னைவிடப் பத்து வயது இளையவன், ஆனால் அறிவுரைக்குக் குறைவில்லை. "வெயில்ல உடம்பு வறண்டிருக்கும்ணே. தண்ணி பத்தல உங்களுக்கு." மனைவியும் அதையேதான் சொன்னாள். ஆறாவது பாட்டில் வந்துவிட்டது.

மார்ச் 14

இதை எழுதவே கை வரவில்லை.

நூலக நிறுத்தத்தில் நிற்காமல் போய்விட்டேன். மறதி என்றால் பரவாயில்லை. அந்தச் சில நொடி, நான் எந்த ரோட்டில் போகிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை. ஒன்பது வருடத் தடம். கண்டக்டர் மூன்று விசில் ஊதி, முன்னால் ஓடி வந்து, "எங்கண்ணே போறீங்க?" என்றான்.

நாற்பத்தொன்பது வயதில் மூளை கழல்கிறதா? கழன்றால் கழல்கிறவனுக்குத் தெரியுமா? தெரிகிறதே, அதனால் இது அது இல்லை — இப்படி எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டிருக்கிறேன். மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் டிப்போவுக்குப் போன் போடுவாள். அங்கிருந்து மருத்துவப் பரிசோதனை, "தகுதியில்லை" என்று ஒரு முத்திரை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கீறல்கூடப் போடாத டிரைவர் நான். அது போய்விட்டால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

மார்ச் 17

நடைச் சீட்டில் என் வண்டி எண்ணைத் தப்பாக எழுதினேன். கண்டக்டர் அடித்துத் திருத்தினான். "யார்கிட்டயும் சொல்லவேணாம்ணே, நான் பாத்துக்கறேன்" என்றான். என்னத்தைப் பார்த்துக்கொள்வான், ஸ்டியரிங் என் கையில் இருக்கும்போது?

பாட்டில் மூடி இறுக்கமாக இருந்தது என்று மனைவியிடம் கத்தினேன். கத்திய பிறகு அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று கேட்டாள். தெரியவில்லை. தெரியவே இல்லை.

மார்ச் 19

இன்று பத்தொன்பதா. ஐந்தாவது பாட்டில். ஐந்தாவது பாட்டில். தரை ஒரு பக்கமாகச் சாய்கிறது. பயமாக இருக்கிறது. எதற்கென்று மறந்துவிட்டது, பயம் மட்டும்

மார்ச் 20

வளைவில் இடித்தது. கண்டக்டர் இறங்கிப் போனான். ஒன்றுமில்லையாம். கை மட்டும். தண்ணீர் குடிக்கவேண்டும்

மார்ச் 28

ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். நோட்டை வீட்டில் விட்டுவிட்டதால் மாத்திரைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். வீட்டுக்குப் போய் உள்ளே ஒட்டவேண்டும்.

இருபத்தொன்றாம் தேதி, வார ஓய்வு நாள், மதியம் குளியலறையில் வலிப்பு வந்து விழுந்தேனாம். எனக்கு ஒன்றும் நினைவில்லை. அதற்கு முன் ஒரு வாரமே தேய்ந்துபோன டேப் மாதிரி ஆங்காங்கே விட்டுப்போயிருக்கிறது.

மூளையில் கட்டி இல்லை. பைத்தியம் இல்லை. ரத்தத்தில் உப்பு இல்லை, அவ்வளவுதான். நூற்றுமுப்பத்தைந்துக்குமேல் இருக்கவேண்டிய சோடியம் நூற்றுப்பன்னிரண்டு. வார்டு டாக்டரம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சொன்னார்: "கிட்னி தண்ணிய வெளிய தள்ளணும்னா அதுக்குக் கொஞ்சம் உப்பும் வேணும். நீங்க சாப்பாட்டுல உப்பை நிறுத்திட்டீங்க. மாத்திரை இருக்கறதையும் வெளிய தள்ளுது, தண்ணிய மட்டும் பிரிச்சு அனுப்பவும் விடாது. அதுக்குமேல ஒரே சாயங்காலத்துல அஞ்சு ஆறு லிட்டர். தேங்கின தண்ணி ரத்தத்தை நீர்த்துப்போக வெச்சு, மூளைக்குள்ள ஏறி வீங்க வெச்சிருச்சு. மண்டை ஓடு விரிஞ்சு குடுக்குமா?"

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பள்ளியில் நூறு தரம் எழுதியிருக்கிறேன். அது தண்ணீருக்கும் சேர்த்துத்தான் என்று தோன்றவில்லை.

உப்புதானே, ஏற்றிவிட்டால் போச்சு என்று நினைத்தேன். அதுவும் இல்லை. வேகமாக ஏற்றினால் மூளைநரம்பு கெட்டு, கைகால் வராமல், பேச்சு வராமல் போய்விடுமாம். ஒரு நாளைக்கு எட்டுப் புள்ளிக்குமேல் ஏறக்கூடாது. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். நர்ஸ் சீட்டோடு வரும்போதெல்லாம் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன். நூற்றுப்பதினெட்டு. நூற்றிருபது. ஒருமுறை விறுவிறுவென்று ஏறிவிட்டது என்று மருந்தை நிறுத்தி, மறுபடி இறக்கப் பார்த்தார்கள். அன்று கால்விரலை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். இப்போது ஒரு நாளைக்கு நாலு டம்ளர் தண்ணீர்தான். நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

மனைவி தினமும் அழுகிறாள். "நான்தானே ஊத்தி ஊத்திக் குடுத்தேன்." நானும் நீயும் சேர்ந்துதான் என்றேன். அவள் கேட்கவில்லை.

மனைவி சாப்பாடு எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தபோது டாக்டரம்மா, "இந்த நெலமையில வண்டி ஓட்டினீங்களா?" என்று கேட்டார். பார்க்க வந்திருந்த கண்டக்டர் முந்திக்கொண்டான். "பதினஞ்சாம் தேதியிலேருந்து லீவுல இருந்தாரு, டாக்டர்." எனக்குத்தான் நினைவில்லையே, அப்படியா என்று நானும் நம்பினேன். நிம்மதியாகவும் இருந்தது. பிறகு என்னிடம் குனிந்து, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுண்ணே" என்றான்.

ஏப்ரல் 2

வீட்டுக்கு வந்தாயிற்று. சோடியம் நூற்றுமுப்பத்து நான்கு. நீர் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள்.

சீட்டை ஒட்டலாம் என்று நோட்டைத் திறந்தேன். மார்ச் பதினேழு இருக்கிறது. பத்தொன்பது, இருபது இருக்கிறது. லீவில் இருந்தவன் நடைச் சீட்டு எழுதுவானா?

"வளைவில் இடித்தது. கை மட்டும்." என் கையெழுத்துதான், குடிகாரன் எழுதியது மாதிரி சரிந்து போயிருக்கிறது. எதை இடித்தேன்? யார் கை? நானா இதை எழுதிவிட்டு, அடுத்து தண்ணீர் குடிக்கவேண்டும் என்றும் எழுதினேன்?

மூன்று தரம் படித்தேன். கட்டிலில் கிடந்தபோது பட்ட பயமெல்லாம் பயமே இல்லை.

ஏப்ரல் 3

கண்டக்டர் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தான். நோட்டைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தான்.

"அது ஒன்னும் இல்லண்ணே. வண்டி மைல்கல்லுல உரசிச்சு."

"மைல்கல்லுக்கு ஏதுடா கை?"

"ஜுரத்துல எழுதினதை எல்லாம் நம்புவாங்களா?"

டீயைத் தொடாமலே எழுந்து போனான்.

ஏப்ரல் 6

சாப்பாடு இறங்கவில்லை. உப்பு போட்டுத்தான் செய்கிறாள், ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடினால் ஒரு கை. ஒருமுறை குழந்தைக் கை. ஒருமுறை வளையல் போட்ட கை. கை மட்டும் என்றால் கையில் மட்டும் அடி என்றா, இல்லை — இதற்குமேல் எழுதமாட்டேன்.

மனைவியிடம் சொல்லிவிட்டேன். நோட்டைப் படித்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "போய்க் கேளுங்க. தெரியாம எத்தனை நாள் இருப்பீங்க?" என்றாள்.

ஏப்ரல் 9

கண்டக்டர் வீட்டுக்கே போனேன். வாசலில் நின்று, சொல்லாவிட்டால் நேரே டிப்போவுக்குப் போகிறேன் என்றேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. இவன் இருபது நாள் தாங்கியிருக்கிறான்.

முதல் நடையாம். வண்டியில் இரண்டே பேர், அவர்களும் தூக்கத்தில். வாய்க்கால் பாலத்து வளைவில், டீ குடித்துவிட்டுக் கடை திறக்கத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வயதானவர் ரோட்டில் இறங்கியிருக்கிறார். முடிதிருத்தும் கடைக்காரர். வண்டியின் முன்மூலை தட்டி விழுந்ததில் மணிக்கட்டு உடைந்திருக்கிறது. இவன் இறங்கிப் போய் அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வந்து விசில் கொடுத்திருக்கிறான். நானும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

உயிரோடு இருக்கிறார். கை இருக்கிறது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"தப்பு யார் மேலடா?"

தரையைப் பார்த்தான். "வண்டி கோட்டைத் தாண்டி அவர் பக்கம் போச்சுண்ணே. ஆனா நான் அவர்கிட்ட, பெரியவரே, பாக்காம இறங்கிட்டீங்களேன்னு சொன்னேன். அவரும் ஒத்துக்கிட்டாரு." "உங்களுக்காகத்தாண்ணே" என்றும் சொன்னான்.

எனக்காகத்தான் செய்திருக்கிறான். அதுதான் இன்னும் கேவலமாக இருக்கிறது.

ஏப்ரல் 13

மூன்று நாள் தள்ளிப்போட்டேன். ஒரு நாள் மழை, ஒரு நாள் தலைவலி. நேற்று சாக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனாலும் போகவில்லை. இன்று போனேன்.

கடை பூட்டியிருந்தது. பின்னால்தான் வீடு. அவர் மனைவி கதவைத் திறந்து, "அவரு இப்ப யாருக்கும் வெட்டறதில்ல" என்றார். வெட்ட வரவில்லை என்றேன்.

ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார், அறுபது அறுபத்திரண்டு இருக்கும், வலது கையில் மாவுக்கட்டு. யார் என்று நான் சொல்லும் முன்பே அவராகப் பேச ஆரம்பித்துவிட்டார். கட்டு அடுத்த வாரம் பிரிப்பார்களாம். ஆனால் கடை திறக்கப்போவதில்லையாம். "பஸ்ஸு வரதை நான் பாத்தேன் தம்பி. அந்தாண்டை ஓரமா வந்துச்சு. போதுமான தூரம் இருக்குன்னு இறங்கினேன். பாக்கலன்னு கண்டக்டர் சொல்றாரு. கண்ணை டெஸ்ட் பண்ணினாங்க, கண்ணு நல்லாத்தான் இருக்குன்னாங்க. அப்ப போனது புத்திதானே? இந்தப் புத்திய வெச்சுக்கிட்டு இன்னொருத்தன் கழுத்துல கத்தி வெக்கலாமா?"

"தெருமுனைக்குக்கூடத் தனியா விடறதில்ல" என்றார் அவர் மனைவி.

அவர் சொன்ன பயம் எனக்குத் தெரிந்த பயம். மார்ச் பதினான்காம் தேதி அதே கேள்வியைத்தான் இந்த நோட்டில் எழுதினேன்.

"அந்த வண்டிய ஓட்டினவன் நான்தான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கல், மாத்திரை, ஆறு பாட்டில், நூற்றுப்பன்னிரண்டு. நூலக நிறுத்தத்தைத் தாண்டிய அன்றே உடம்பு சரியில்லை என்று தெரிந்தும் ஆறு நாள் ஓட்டியதைச் சொன்னேன். நீங்கள் பார்த்துத்தான் இறங்கினீர்கள், வண்டிதான் கோட்டைத் தாண்டி உங்கள் பக்கம் வந்தது என்றேன். அடிப்பாரோ என்று இருந்தது. அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

அவர் மனைவி என்னைத் திட்டினார். திட்டவேண்டியதை எல்லாம் திட்டினார். பெரியவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை.

"அப்ப நான் பாத்துட்டுதான் இறங்கினேன்" என்றார். மனைவியைப் பார்த்து இன்னொரு தரம் சொன்னார்.

ஏப்ரல் 15

டிப்போவில் எழுதிக் கொடுத்தேன், தேதி வாரியாக. மேனேஜர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, "யாருமே கேக்கலையேய்யா, ஏன்யா குடுக்கற?" என்றார். விசாரணை முடியும்வரை வண்டி கிடையாது. டிப்போ வாசலில் பதிவேடு எழுத உட்காரவேண்டும். கண்டக்டருக்கும் மெமோ போயிருக்கிறது. எதிரில் வந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். ஒன்பது வருடம். அவனைக் காட்டிக்கொடுக்காமல் இதைச் சொல்ல வழி இருந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். கிடைக்கவில்லை.

ஏப்ரல் 29

இன்று விசாரணை. முடிதிருத்தும் கடைக்காரரையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் வண்டி எண்களை எழுதிக்கொண்டிருந்தேன். பத்து மணிக்கு எதிர்ச்சாரியில் அவர் வந்து நின்றார். கட்டுப் பிரித்த கை வெளுத்து மெலிந்திருந்தது. கூட அவர் மனைவி இருப்பார் என்று தேடினேன். யாரும் இல்லை.

நாலு வழிச் சாலை. லாரியும் பேருந்தும் ஓயவே இல்லை. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும் என்று எழுந்துவிட்டேன். பிறகு போகாமல் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் ஒரு பக்கம் பார்த்தார். மறுபக்கம் பார்த்தார். ஒரு லாரியைப் போகவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு இறங்கி, அவசரப்படாமல் நடந்து இந்தப் பக்கம் வந்தார்.

"விசாரணை எந்த ரூம்ல தம்பி?" என்று கேட்டார். மாடியில் இரண்டாவது என்றேன்.