பின் சக்கரம் என் பொறுப்பு

ஜனவரி 9
அண்ணன் போய் எட்டு மாதம் கழித்து அவன் பைக் வீட்டுக்கு வந்திருக்கிறது. பின் சக்கரத்துக்குப் புது ரிம், முப்பத்தாறு புது ஸ்போக்ஸ். "பழசு வேணுமா சார்?" என்று மெக்கானிக் ஒரு சாக்குப்பையை நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பை என் கட்டிலுக்கடியில் இருக்கிறது.

ஜனவரி 10
ஸ்போக்ஸே இல்லாத அலாய் சக்கரம் போட்டுத் தொலையேன் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். "குழியில விழுந்தா ஸ்போக்ஸ் வளைஞ்சு குடுக்கும்டா, அலாய் உடைஞ்சிடும்" என்பான். ஆனால் இந்தச் சக்கரத்தைச் சும்மா விட முடியாது. ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கு முன்னும் ஸ்பேனரால் ஒவ்வொரு ஸ்போக்காகத் தட்டுவோம். முன் சக்கரம் அவனுக்கு, பின் சக்கரம் எனக்கு. இறுக்கமாக இருந்தால் கணீரென்று கேட்கும். தளர்ந்திருந்தால் மொட்டையாக ஒரு சத்தம். முடித்ததும் ஆளுக்கொரு "சரி". இரண்டு "சரி"யும் காதில் விழாமல் சாவியைத் தொடமாட்டான் மகராசன்.

ஜனவரி 13
சன்னல் கம்பிகளைத் தட்டிக்கொண்டிருந்தேன். எப்போது ஆரம்பித்தேன் என்றே தெரியவில்லை.

ஜனவரி 17
அண்ணி என் அறைக்கு வந்தார். "தம்பி, அவரு விழுந்த வளைவுக்கு ஒரு தடவை போகணும். அந்த வண்டியிலேயே. நீதான் ஓட்டணும்."

தலையாட்டினேன். வேறென்ன செய்ய?

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். அண்ணன் கடைசியாகக் கிளம்பிய அன்றைக்கு நான் தட்டவில்லை. பின்னால் பெட்டிகளை முன்கூட்டியே மாட்டிவிட்டிருந்தான். கழற்றினால்தான் ஸ்பேனர் உள்ளே போகும். சோம்பல். குனிந்து பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு "சரி" என்றேன். மூன்றாம் நாள், திரும்பி வரும்போது, சக்கரம் கோணிக்கொண்டது. சொன்னா அண்ணி இனிமே என் மூஞ்சியில முழிப்பாங்களா? சொல்லாம எப்படி அவங்களப் பின்னாடி ஏத்தறது?

ஜனவரி 20
சமையலறையில் அண்ணி கணீர் கணீரென்று டம்ளரில் கரண்டியால் கலக்கினார். கூடத்தில் எனக்கு வியர்த்துவிட்டது.

ஜனவரி 21
பையிலிருந்த பழைய ஸ்போக்ஸை எண்ணினேன். முப்பத்தொன்று. மீதி ஐந்தும் அந்தச் சாலையில்தான் கிடக்கும்.

ஜனவரி 24
சொல்லிவிட்டேன்.

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. ஒரே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்தார்.

"அன்னைக்கு வழியில நின்னு போன் பண்ணாரு. பின்னாடி ஆடுது, பக்கத்துல மெக்கானிக் யாராவது இருக்காங்களான்னு பாக்கறேன்னாரு. நான்தான்… இப்பவே லேட்டு, வீட்டுக்கு வந்து பாத்துக்கலாம், வாங்கன்னேன்."

சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அண்ணனுடைய சட்டை. "நீ ஒருத்தன்தான் தூங்காம இருக்கேன்னு நெனச்சியா?"

யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ரொம்ப நேரம் அழுதோம்.

ஜனவரி 25
காலையில் பெட்டிகளைக் கழற்றிக் கீழே வைத்தேன். அண்ணி இன்னொரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முன் சக்கரத்தருகே, அவன் இடத்தில், உட்கார்ந்தார். தட்டி முடித்து, "சரி" என்றார்.

நான் முப்பத்தாறையும் தட்டினேன். எல்லாமே கணீர். மறுபடியும் முதலிலிருந்து தட்டினேன். மூன்றாவது சுற்றும் முடிந்தது. அந்த ஒரு வார்த்தை வெளியே வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

அண்ணி ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"லேட்டானா ஆகட்டும் தம்பி. இன்னொரு தடவை பாரு."