பதினாலு வாஷர் கீபோர்டு

மார்ச் 2, 2005

வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. காலையில் தோசையை இடது கையால் திருப்பினேன், பிய்ந்துபோனது. என் வீட்டுக்காரர் பாக்கியநாதன் அதை ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். இதற்காகவே இவரை இன்னொரு தடவை கட்டிக்கொள்ளலாம்.

டாக்டரம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டைப்பிங்கை விட்டுட்டு வேற வேலை பாரேன் விக்டோரியா" என்றார். வேறு என்ன வேலை? எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். பார்க்காமலே பத்து விரலும் ஓடும் என்பதில் கொஞ்சம் திமிரும் உண்டு. இருபத்து நாலாம் தேதிக்குள் சர்ஃபராஸ் கடைக்கு இருநூற்றெண்பது பக்கம் கொடுக்க வேண்டும். ஒரு காலேஜ் சார் பழவேற்காட்டு நண்டைப் பற்றிச் செய்த ஆராய்ச்சி. நாற்பது பக்கம்தான் முடிந்திருக்கிறது.

மார்ச் 4

சர்ஃபராஸிடம் கையைக் காட்டினேன். டைப்பிங் வேலை வாங்கித் தருவதும் அவன்தான், என் கம்ப்யூட்டரைப் பார்ப்பதும் அவன்தான்.

"கை மேல தப்பு இல்லக்கா. உங்க கீபோர்டு ரப்பரு. அடி வரைக்கும் அமுக்குனாதான் எழுத்து வுழும். பழைய கீபோர்டுல ஒவ்வொரு கீக்கும் தனி ஸ்பிரிங், தனி சுவிட்ச். பாதி அமுக்குனா போதும்."

எங்கே கிடைக்கும் என்றேன்.

"இப்ப யாருக்கா விக்கறாங்க? எல்லாம் காயலான் கடைக்குப் போயிருக்கும்."

காயலான் கடையா! என் வீட்டுக்காரர் பன்னிரண்டு வருஷமாக சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனியில் ஸ்கிராப் பிரிக்கிறார். சென்னை ஆபீஸ்களில் கழித்துப் போட்டதெல்லாம் இவர் காலடியில்தானே வந்து விழுகிறது!

மார்ச் 6, ஞாயிறு

கோயிலுக்குப் போய் வந்ததும் சாக்கைப் பிரித்தோம். யார்டு மேஸ்திரி பரசுராமனிடம் கேட்டு இவர் நாலு கீபோர்டு எடுத்து வந்திருக்கிறார். இரும்பைப் பிரிக்கிற மாதிரியே பிரித்து வைத்தார். யார்டில் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார்களாம். கணீரென்றால் எஃகு, மொத்தென்றால் வார்ப்பிரும்பு.

ஒன்று, தூக்கவே இரண்டு கை வேண்டும். உள்ளே இரும்புத் தகடு. தட்டினால் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற சத்தம். "கேட்டியா? இதாம்மே உயிரு உள்ள சரக்கு" என்று அதை மடியில் வைத்துக்கொண்டார். இன்னொன்றைத் தட்டிப் பார்த்து ஓரமாக எறிந்தார். "இது செத்துப்போச்சு. சத்தமே வரல."

மார்ச் 9

எல்லாவற்றையும் எடை போட்டுப் பார்த்தோம். யோசனை என்னுடையது. தைல டப்பா மூடியை ஒரு கீ மேல் வைத்து, அதில் இவர் பையிலிருந்த வாஷரை ஒவ்வொன்றாகப் போடுவது. எத்தனையாவதில் கீ இறங்குகிறதோ அதுதான் அதன் கனம்.

இவருடைய ஆலங்கட்டி மழைக்குப் பதினாலு. என் ரப்பருக்குப் பன்னிரண்டு. கீயைக் கழற்றினால் நீலத் தண்டு தெரிகிற ஒன்றுக்குப் பத்து. அதுவும் கிளிக் கிளிக்கென்று கத்துகிறது. இன்னொன்றில் பாதி கீ இறங்கவே இல்லை. கடைசியாக, ஓரமாக எறிந்தது. பழுப்புத் தண்டு. ஒன்பதே வாஷர்! கம்ப்யூட்டரில் மாட்டினேன், ஓடியது. விரலுக்கு லேசாக ஒரு தடுக்கல் தெரிகிறது, அவ்வளவுதான், எழுத்து விழுந்துவிடுகிறது.

"செத்ததுன்னீங்களே?"

இவர் சிரிக்கவில்லை. பெரியதைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மார்ச் 11

இவர் ஆசைக்காகப் பதினாலு வாஷரில் பத்துப் பக்கம் அடித்தேன். "நல்லாக்கீதா?" என்று கேட்டார். நல்லாயிருக்கு என்றேன். பொய். மணிக்கட்டு தெறிக்கிறது.

மார்ச் 13

பழுப்பில் இருபத்தாறு பக்கம். வலி இல்லை. வலி இல்லை! இரண்டு தடவை எழுதிக்கொள்கிறேன்.

மார்ச் 15

இவருக்கு என்ன வந்தது? பகல் ஷிப்ட் முடிந்து வந்ததிலிருந்து மூன்று தடவை அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டார். "டைப் அடிக்கறியா?" என்று கேள்வி வேறு. பின்ன, பல்லாங்குழியா ஆடுகிறேன்?

குக்கர் ஆறு விசில் விட்டும் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். பருப்பு அடிப்பிடித்துவிட்டது. ஆம்பிளைத் திமிர் என்று வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன்.

மார்ச் 18

கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் பழுப்பைக் கழற்றிவிட்டுப் பெரியதை மாட்டி வைத்திருக்கிறார். எனக்கு வந்ததே கோபம். "என் கை போனா உங்களுக்குப் பரவால்லயா?" என்று கத்தினேன்.

தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "அதுல சத்தம் வரல மே."

"சத்தம் எதுக்கு?"

"ஒரு வருசமா காது சரியா கேக்கல. உங்கிட்ட சொல்லல. யார்டுல இப்ப பரசுராமன்தான் தட்டிப் பாக்கறான், அவன் சொல்றத வெச்சிதான் நான் பிரிச்சிக்கினு கீறேன். நீ கூப்டாகூட கிட்ட வந்தாதான் தெரியுது. அந்தப் பெரிய கீபோர்டு சத்தம் மட்டும் பின்கட்டுல இருந்தாலும் கேக்குது. நீ ஊட்லதான் கீறேன்னு தெரியுது."

ஆறு விசில். ஐயோ, ஆறு விசிலுக்கு என்னவெல்லாம் திட்டினேன்! எனக்கு ஏன் தோன்றவில்லை? பக்கத்திலேயே படுக்கிறவளுக்கு?

பழுப்பை அவரே மறுபடி மாட்டிவிட்டார்.

மார்ச் 21

பொன்னேரியில் காது டாக்டர். மெஷின் வைத்தால் கேட்குமாம். டாக்டர் மூன்று தடவை சொன்னபிறகு, "சரிங்க" என்றார் இவர். மெஷின் வர ஒரு மாதம் ஆகும்.

மார்ச் 24

நண்டு முடிந்தது. இருநூற்றெண்பது பக்கம், ஒரு நாள்கூடத் தள்ளவில்லை. சர்ஃபராஸ் அடுத்து இருநூறு பக்கம் எடுத்து வைத்திருக்கிறான். கையைக் காட்டினேன், வீக்கமே இல்லை. திங்கட்கிழமை ஆரம்பிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 27, ஈஸ்டர்

கோயிலிலிருந்து வந்ததும் இவர் பின்கட்டில் கோழியோடு உட்கார்ந்துவிட்டார். நான் பதினாலு வாஷரை எடுத்து மேஜையில் வைத்துத் தட்ட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து குரல்:

"இன்னா மே, பண்டிகை நாள்லயும் வேலையா?"

"ஆமாங்க! அவசரம்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

கீபோர்டின் ஒயரை நான் மாட்டவே இல்லை. இடது கை அதைத் தட்டிக்கொண்டிருக்கிறது, வலது கை இதை எழுதிக்கொண்டிருக்கிறது. பின்கட்டில் பாடிக்கொண்டே கோழி அறுக்கிறார்.