இஞ்சிக் கோப்பி குடிக்க வேண்டாம்

வாப்பாவுக்கு,

சோறும் மீனாணமும் மூடி வைத்திருக்கிறேன். நான் தறிக்குப் போகிறேன்.

உங்கள் கையில் நீலம் பாரித்திருப்பது ஜின் கிள்ளியதல்ல. டாக்டர் சொன்னார்: "இந்த மாத்திரை ரத்தம் உறையாம வெச்சிருக்கு. இஞ்சியும் அதையேதான் செய்யுது எண்டு நினைக்கன். ரெண்டும் சேர்ந்தா உள்ளுக்குள்ள கசியும், உயிருக்கே மோசம்." அதனால்தான் லெப்பை ஓதித் தந்த இஞ்சித் தண்ணீரையும் வெளியே ஊற்றினேன். அதற்கு நேற்று எவ்வளவு ஏசினீர்கள்!

றம்லா

பி.கு.: வீட்டிலிருந்த இஞ்சி முழுவதையும் நேற்றே கடலில் எறிந்துவிட்டேன். இப்போது அடுப்படியில் இஞ்சிக் கோப்பி ஆவி பறக்கிறது, மௌத்தாகி மண்ணுக்குள் போன உம்மாவின் கோப்பையில். நீங்களோ இன்னும் தூக்கம். வேறு யாரும் இங்கே இல்லை.

அதையும் வெளியே ஊற்றிவிட்டுப் போகிறேன். திரும்பவும் வந்தால், உம்மாவே கையில தந்தாலும் குடிக்காதீங்க வாப்பா.