உன் இசைத்தட்டு

நேற்று இங்கே மெல்பேர்னில், கிளேட்டனில் முடி வெட்டப் போயிருந்தேன். கடைக்காரனின் வானொலியில் பழைய கன்ட்ரி பாட்டுகள் போய்க்கொண்டிருந்தன. நடுவில் அது வந்தது. கதிரையில் துணி போர்த்தியபடி இருந்ததால் எழுந்து ஓடவும் முடியவில்லை. முழுப் பாட்டையும் கேட்டேன். பாவி, உன்னைத்தான் மனதுக்குள் திட்டினேன்.

எழுபதுகளில் நாம் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பகலில் உனக்குத் தொழிற்சாலை, சனிக்கிழமைகளில் கிற்றாரோடு பப். யாழ்ப்பாணத்தானுக்கு மாடு மேய்க்கிறவன் பாட்டு எதற்கு என்று கேலி செய்வேன். "அவங்களும் வீட்டை நினைச்சு அழுறாங்கள், நானும் அழுறன். பிறகென்னடா வித்தியாசம்?" என்பாய். அங்கே உன்னைக் கேட்ட ஒருவன் சிட்னிக்கு ரெக்கோர்டிங்குக்குக் கூப்பிட்டான். என் காரில்தான் போனோம். குரல் கட்டாமலிருக்க வழி முழுக்க இஞ்சியைச் சப்பிக்கொண்டு வந்தாய்.

சுவரெல்லாம் கம்பளம் ஒட்டிய அறை. வாத்தியக்காரர்கள் சுற்றி இருந்து வாசிக்க, நீ பாடினாய். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் நீ அப்படிப் பாடியதில்லை.

சில மாதங்களில் இசைத்தட்டு வெளிவந்தது. தட்டு உன் கைக்கு வருமுன்பே, ஞாயிறு மத்தியானம் வானொலியில் போடப்போகிறார்கள் என்று தகவல். அன்றைய மெல்பேர்ன் தமிழர்கள் ஒரு வரவேற்பறைக்குள் அடங்குவார்கள், எல்லோரையும் கூப்பிட்டாய். பப் பக்கம் வராத அவர்கள் யாரும் நீ பாடிக் கேட்டதில்லை. காலையிலிருந்தே இருவரும் குசினியில் நின்று கட்லட் பொரித்தோம். அறிவிப்பாளர் ஏதோ வெள்ளைக்காரப் பெயரைச் சொன்னார். "கம்பனி வைச்ச பேர். என்ர பேரைப் போட்டா ஆர் வாங்குவினம்?" என்று சிரித்தாய். பாட்டு தொடங்கியது. அதே கிற்றார், நீ இழுத்த இடங்களில் அதே இழுவை. குரல் மட்டும் வேறு ஆளுடையது.

எல்லோரும் வானொலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் முகத்தைப் பார்த்தவன் நான்தான். முடிந்ததும் கை தட்டினார்கள். "அச்சொட்டா வெள்ளைக்காரன் மாதிரியே பாடியிருக்கிறீர், தம்பி," என்றார் ஒரு அன்ரி.

"ஓம் அன்ரி, மெஷின் குரலைக் கொஞ்சம் மாத்திப்போடும்," என்றாய்.

மறுநாள் கம்பனிக்கு ரெலிபோன் எடுத்தாய். வாத்தியக்காரர்கள் சேர்ந்து வாசிக்க ஒரு குரல் வேண்டுமாம். பெரிய பாடகர் வந்ததும் அதை அழித்துவிட்டு அதே நாடாவில் அவரைப் பாடவைப்பார்களாம். தொழில் வழக்கம், உனக்குத் தெரியும் என்று நினைத்தார்களாம். நீ பாடியதைக் கேட்டுத்தான் அவர் பழகினார் என்று நன்றி வேறு சொன்னார்கள். அதன் பிறகு நீ குளியலறையில்கூடப் பாடவில்லை. பொய்யை மட்டும் விடவில்லை. கல்யாணம் கட்டி, அந்தத் தட்டைக் கண்ணாடி அலுமாரியில் வைத்து, மகளுக்கும் அதையே சொல்லி வளர்த்தாய்.

போன மாதம் உன்னை எரிப்பதற்கு முன், அவள் மைக்கைப் பிடித்து, "திஸ் இஸ் மை டாட் சிங்கிங்," என்று சொல்லி அதைப் போட்டாள். நீ பெட்டிக்குள் கிடந்தாய், அந்த வெள்ளைக்காரன் பாடினான். சனம் அழுதது. எனக்கு எழும்பிப் போய் அந்தத் தட்டை உடைக்க வேண்டும்போல் இருந்தது.

வாசலில் என் கையைப் பிடித்தாள். "அங்கிள், நீங்க அண்டைக்கு ஸ்ரூடியோவில நிண்டனீங்கள்தானே? அப்பா இப்பிடித்தான் பாடினவரா?"

"ஓம் பிள்ளை," என்றேன். "இப்பிடித்தான்."

அந்த அறையில் நீ பாடியது இனி என் ஞாபகத்தில் மட்டும்தான் மிச்சம். அன்று காரில் ஏறி, அதை ஒருதரம் கேட்டுப் பார்க்கலாம் என்று கண்ணை மூடினேன். அவன்தான் பாடினான்.