பெட்டியோடு நின்ற படம்

இக்ராம்,

அலுவலகம் துடைக்கப் போகிறேன். நோன்பு திறக்கும் நேரத்துக்குள் வர முடியாது. ஹரீரா சூப் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிக்கொள். பேரீச்சம்பழம் மூன்றுதான் மிச்சம். மூன்றையும் நீயே சாப்பிடு.

நேற்று உன்னை அடித்தது தப்பு. போன வாரம் ரமலான் உணவுப் பெட்டி கொண்டுவந்தவர்கள், "ஒரு படம் எடுத்துக்கிறோம், உதவி பண்ணவங்களுக்குக் காட்டணும்" என்றபோது உன்னை வாசலில் நிறுத்தியதே நான்தான். உன் தலைக்கு மேல் கதவு எண் தெரிந்ததை நான் கவனிக்கவில்லை. அவர்கள் அதைத் தெருப் பெயரோடு ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். இரண்டு வருஷம் ஒளிந்திருந்தது ஒரே படத்தில் போயிற்று. உன் அப்பா அதைப் பார்த்துவிட்டு, நேற்று நம் பழைய பக்கத்து வீட்டு ஹப்ஸா அக்காவுக்குப் போன் செய்து, "எம் பொண்ணு நல்லா வளந்துட்டா போல" என்றாராம். அந்தப் பயத்தில்தான், "உன்னை யாருடி சிரிக்கச் சொன்னது" என்று கை நீட்டிவிட்டேன். அவர் இருக்கும் பிரஸ்ஸல்ஸிலிருந்து நம்ம ஆன்ட்வெர்ப்புக்கு ரயிலில் ஒரு மணி நேரம்தான்.

உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள். நான் வாசலில் நின்று போன் செய்வேன், அப்புறம் திற.

அம்மா

இன்னொன்று. இரண்டாவது பெட்டி இன்றைக்கு வர வேண்டியது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதனால் யாராவது மணியடித்து, "பெட்டி வந்திருக்கும்மா, கதவத் திற" என்றால், திறக்காதே. உனக்குத் தெரிந்த குரலாகத்தான் இருக்கும்.