புளி போட்டுத் துலக்கிய கல் கம்மல்

புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். வாடை மூக்கில் ஏறியதும் உன் கைதான் நினைவுக்கு வந்தது. பண்டிகை வந்தால் குத்துவிளக்கோடு சேர்த்து உன் சிவப்புக்கல் கம்மலையும் புளி போட்டுத் தேய்க்கிற கை. "முலாம் பூடும்டி" என்று தலைபாடாய் அடித்துக்கொள்வேன். "வாயில போடுற புளி கம்மல இன்னா பண்ணிடும்?" என்பாய். மலையில் புளியமரம் வைத்திருக்கிற எனக்கு வாழ்க்கைப்பட்டவளிடம் வேறு என்ன பேசுவது! தேய்த்துக்கொள் என்று விட்டுவிட்டேன்.

தேய்த்துத் தேய்த்து முலாம் போய்ச் செம்பு தெரிந்தது. கல்லுக்குள் தண்ணீர் இறங்கிச் சிவப்பு கறுத்தது. நீ அசரவில்லை, அதையே போட்டுக்கொண்டு திரிந்தாய். போன வருஷம் உன்னைக் கடைசியாகக் குளிப்பாட்டும்போது கழற்றி என் கையில் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அதை எடுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"அம்மா கம்மலத்தான் கல்யாணத்துக்குப் போடுவேன்" என்று நம் மகள் ஒற்றைக் காலில் நின்றாள். ஒடுகத்தூருக்கு எடுத்துப் போனேன். முலாம் பூசுகிற பாய் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"கல்லோட முலாம் தண்ணியில முக்கினா அடியில கீற தகடு இன்னும் கறுத்துப்போய் கல்லு செத்துடுங்க. எடுத்துட்டுத்தான் பூசணும். கல்லோட புடிப்பு தேஞ்சி கீது, எடுக்கசொல்ல கல்லு ஒடைஞ்சாலும் ஒடையும். இன்னா சொல்றீங்க?"

உடைந்தால், உன்னுடையது என்று அவள் காதில் போட வேறொன்றும் இல்லை. அப்படியே விட்டாலும் மணவறையில் போட முடியாது.

"பாத்து எடுங்க பாய்" என்றேன்.

கல் முழுசாக வந்தது. அதன் அடியில் காய்ந்துபோன புளிச் சக்கை. ஊசியால் நோண்டித் துணியில் துடைத்துவிட்டார். துடைக்காதீங்க என்று சொல்ல வாயெடுத்தேன். பைத்தியம் என்று நினைப்பாரே என்று சும்மா இருந்துவிட்டேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து அழுதேன்.

திரும்பிப் போனபோது முலாம் பூசி, புதுத் தகடு வைத்துக் கல்லைப் பதித்துக் கொடுத்தார். நேற்று மகள் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள். நின்றவள் முகம் வாடிவிட்டது.

"இது அம்மாவோடது மாதிரியே இல்லப்பா."

பிறந்ததிலிருந்து அவள் பார்த்தது மங்கின கம்மலைத்தான். "உங்கம்மா இந்த வூட்டுக்கு வந்த அன்னைக்கு இப்படித்தாம்மா மின்னுச்சி" என்றேன். நம்பாமல் என்னையே பார்த்தாள்.

அன்றைக்குப் புதுப்பெண்ணாக வந்த உன்னைப் பார்த்தவர்களில் இந்த வீட்டில் நான் ஒருவன்தான் மிச்சம். ஆமாம் என்று சொல்லத்தான் நீ இல்லை.